காத்திருக்க முடிந்தவர்களின் கணக்கு

2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான ஓராண்டில் மத்தியப் பிரதேசத்தில் வேலையின்மை 1 சதவீதம், தமிழ்நாட்டில் 3.5 சதவீதம், கேரளத்தில் 7.2 சதவீதம் என்கிறது தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. இந்த எண்களை நம்பி வேலை தேடுகிறவர் பாலக்காட்டில் ரயிலேறிப் போபாலுக்குத்தான் போகவேண்டும். நடப்பதோ நேர்மாறு. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு எல்லையிலுள்ள வாளையார் வழியாக ரயில்கள் கேரளத்துக்குள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒருகாலத்தில் பெரும்பாலும் தமிழர்களே கொழுந்து பறித்த மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் கூடையோடு நிற்கிறார்கள். ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டைப் புரட்டினால் காரணம் புரிகிறது. 2022-23இல் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளிக்குக் கேரளத்தில் கிடைத்த சராசரி நாள்கூலி 852 ரூபாய், மத்தியப் பிரதேசத்தில் 278 ரூபாய்.

வேலையின்மை அதிகமுள்ள மாநிலத்துக்கு, வேலையின்மையே இல்லை எனத் தோன்றும் மாநிலங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இதை விளங்கிக்கொள்ளாமல் படித்தவர்களின் வேலைவாய்ப்பைப் பற்றி எதுவும் பேச முடியாது. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதியில் வாழும் தமிழ் இளைஞர்களைப் பற்றிப் பேசவே முடியாது.

முதலில், அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்து, கடந்த 365 நாட்களில் பெரும்பகுதியை எப்படிக் கழித்தீர்கள் என்று கேட்கிறார். வேலை செய்தீர்களா, வேலை தேடினீர்களா, படித்தீர்களா, வீட்டு வேலைகளைக் கவனித்தீர்களா? பெரும்பகுதி வேலை தேடியே கழிந்திருந்தாலும், அந்த ஆண்டில் 30 நாட்கள் ஏதாவதொரு வேலை செய்திருந்தால் வழக்கமான நிலைக் கணக்கில் நீங்கள் வேலையில் இருப்பவர். தலைப்புச் செய்தியாக வரும் எண் இதுதான். வாராந்தரக் கணக்கு இன்னும் தாராளமானது. கடந்த ஏழு நாட்களில் ஏதேனும் ஒருநாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும். அப்பாவின் பெட்டிக்கடையில் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருந்தாலும் அது வேலைதான்.

அந்த ஒரு மணி நேர அளவுகோல் உலகெங்கும் தொழிலாளர் கணக்கெடுப்புகளில் வழக்கமானதுதான். இதில் சூழ்ச்சி ஏதும் இருப்பதாக நான் கருதவில்லை. நாட்டின் மொத்த உழைப்பை அளக்க வகுத்த வரையறை அது. அதை எடுத்து ஒரு பட்டதாரியின் எதிர்காலத்தை அளக்கும்போதுதான் பிழை நேர்கிறது.

முதலமடையைப் பாருங்கள். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், ஆனைமலை அடிவாரத்தில், மாம்பழத்துக்குப் பேர்போன ஊர். பி.காம். முடித்த ஒருவர் எட்டு மாதம் வேலை தேடிவிட்டு, மாங்காய்ப் பருவத்தில் நான்கு மாதம் பெட்டி கட்டும் இடத்தில் கணக்கெழுதினால் அவர் வேலையற்றவர் அல்ல. கேரளத்தில் 'தொழிலுறப்பு' என்று வழங்கும் நூறுநாள் வேலைத் திட்டத்தில் 30 நாள் மண்வெட்டி பிடித்த எம்.ஏ. பட்டதாரிப் பெண்ணும் வேலையற்றவர் அல்ல. இருவருடைய படிப்புக்கும் அந்த வேலைக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி அந்த ஒற்றைச் சதவீதத்தில் எழுவதில்லை.

கேரளத்தின் எண் உயர்ந்திருப்பதற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. அதே 2023-24 கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் 15 முதல் 29 வயது வரையுள்ள இளைஞர்களில் வேலையின்மை 29.9 சதவீதம். ஆண்களில் 19.3, பெண்களில் 47.1. அதிர்ச்சி தரும் எண்கள்தான். ஆனால் 47.1 என்பதற்குள் இன்னொரு செய்தியும் உண்டு. பல மாநிலங்களில் பட்டம் பெற்ற பெண் 'வீட்டு வேலை' என்ற பெட்டிக்குள் போய்விடுகிறாள். உழைப்புச் சந்தையிலேயே இல்லாதவளாக அவளை எழுதிவிடுவதால் வேலையின்மை விகிதத்தில் அவள் சேர்வதில்லை. கேரளத்துப் பெண் 'எனக்கு வேலை வேண்டும், கிடைக்கவில்லை' என்று சொல்கிறாள். அப்படிச் சொல்லும் துணிவும், சொல்லிவிட்டு இரண்டு மூன்று ஆண்டு காத்திருப்பதற்கான குடும்ப வருமானமும் அவளுக்கு இருக்கின்றன. வளைகுடாப் பணமோ, அரசு ஊழியரான தந்தையோ, ரப்பர்த் தோட்டமோ அந்தக் காத்திருப்பைத் தாங்குகிறது.

ஆகவே வேலையின்மை விகிதம் முதன்மையாக அளப்பது காத்திருக்க முடிந்தவர்களை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து வெளியிட்ட 2024ஆம் ஆண்டு இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை இதை நாடளாவிய அளவில் காட்டியது. 2022இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் வேலையின்மை 3.4 சதவீதம், பட்டதாரி இளைஞர்களில் 29.1 சதவீதம். எழுத்தறிவில்லாதவருக்கு நாட்டில் வேலை கொட்டிக்கிடக்கிறது என்று இதற்குப் பொருளாகாது. அவரால் ஒருநாள்கூடச் சும்மா இருக்க முடியாது, அவ்வளவுதான்.

படித்தும் காத்திருக்க முடியாதவர் எந்தக் கணக்கில் வருகிறார் என்று கேட்டால், விடை தேடி எல்லை மலைகளுக்குத்தான் போகவேண்டும்.

இடுக்கி மாவட்டத்தில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 11 லட்சம் பேர். அவர்களில் ஆறில் ஒருவருக்கு மேல் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களில் இவர்கள் செறிந்து வாழ்கிறார்கள். பாலக்காட்டில் இருபதில் ஒருவர் தமிழர், பெரும்பாலும் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என எல்லையை ஒட்டிய சித்தூர் வட்டத்து ஊர்களில். இரண்டு பகுதிகளின் வரலாறும் ஒன்றல்ல. சித்தூர்த் தமிழர்கள் பல தலைமுறையாகக் காடு கழனி உழுபவர்கள், அவர்களுக்குச் சந்தையும் கல்லூரியும் கோயம்புத்தூர், பொள்ளாச்சி. இடுக்கித் தமிழர்கள் பெரும்பாலும் தேயிலைக்கும் ஏலத்துக்கும் மலையேறியவர்களின் வழிவந்தவர்கள். மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளை உருவாகவிருந்த கேரளத்திடமே விட்டபோது, அங்குள்ள தமிழ்ப் பெரும்பான்மைக்குத் தோட்ட வேலைக்கு வந்துபோகும் மக்களே காரணம் என்று கருதியது. வந்துபோகும் மக்கள் என்று அன்று எண்ணப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே பட்டதாரிகள்.

தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், வீடு என்பது வேலையோடு கட்டப்பட்டது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்குக் குடியிருப்பு தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. அந்தக் காலத்துக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் வேலை முடிந்தால் வீடும் முடியும். அம்மா ஓய்வு பெறும்போது வீட்டில் யாராவது ஒருவர் தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஓய்வுபெற்ற தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத நிலையில் அந்தக் குடும்பம் எங்கே போகும்? உத்தமபாளையத்திலோ போடியிலோ விடுதியில் தங்கிப் படித்துப் பட்டம் வாங்கிய மகளோ மருமகளோ கொழுந்து பறிக்கப் பேர் கொடுக்கிறாள். கணக்கெடுப்பாளரின் தாளில் அவள் வேலையில் இருப்பவள். அவளுடைய கல்வி நிலை என்ற கட்டத்தில் 'பட்டம்', தொழில் என்ற கட்டத்தில் 'தோட்டத் தொழிலாளி'. இரண்டு கட்டங்களையும் சேர்த்துப் படிக்க யாருமில்லை. விகிதம் குறைந்ததற்காக ஓர் அமைச்சர் மகிழும் இடத்தில் ஒரு குடும்பத்தின் இரண்டு தலைமுறைச் சேமிப்பு வீணாகியிருக்கிறது. இதை வெறும் புள்ளிவிவரச் சிக்கல் என்று கடந்துபோக என்னால் முடியவில்லை.

2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டுச் சாலையில் அமர்ந்தபோது அவர்களின் நாள்கூலி 232 ரூபாய். போராட்டத்துக்குப் பிறகு அது 301 ஆனது. அந்தக் கூலியில் பிள்ளைகளைக் கோயம்புத்தூர்ப் பொறியியல் கல்லூரி வரை அனுப்பியவர்கள் அவர்களில் இருந்தார்கள். படித்த பிள்ளை தோட்டத்துக்குத் திரும்பக் கூடாது என்பதே அந்தத் தாய்மார்களின் ஒரே கணக்கு. நாட்டின் கணக்கெடுப்பில் அதற்கு இடமில்லை.

பீர்மேட்டில் நிலை இன்னும் கடுமை. 2000ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேடு டீ கம்பெனி உள்ளிட்ட தோட்டங்களைக் கைவிட்டு நிர்வாகங்கள் வெளியேறின. சம்பளம், பணிக்கொடை, வருங்கால வைப்புநிதி பாக்கியோடு தொழிலாளிகள் லயங்களிலேயே தங்கிப்போனார்கள். சிலர் பகிர்ந்துகொண்ட தேயிலைப் பாத்தியில் கொழுந்து கிள்ளி விற்றார்கள், சிலர் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். வரையறைப்படி இவர்கள் எவரும் வேலையற்றவர் அல்லர். மூடிய தோட்டத்திலும் வேலையின்மை தாழ்ந்தே இருக்க முடியும்.

அடுத்தது, எல்லைக்கோடு. கணக்கெடுப்பு ஒருவரை அவர் வசிக்கும் இடத்தில் எண்ணுகிறது. கொழிஞ்சாம்பாறையில் குடியிருந்து தினமும் கோயம்புத்தூர் ஜவுளிக் கடைக்கோ பவுண்டரிக்கோ போய்வருகிறவர் கேரளத்தின் வேலைவாய்ப்பாகப் பதிவாகிறார். அந்த வேலையை உருவாக்கியது தமிழ்நாடு. கம்பத்திலும் போடியிலும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக உடும்பஞ்சோலை ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்கள் தமிழ்நாட்டின் கணக்கில் வேலையில் இருப்பவர்கள். அந்த வேலை இருப்பதோ இடுக்கியில். மேலும், படித்துவிட்டுத் திருப்பூரிலோ பெங்களூரிலோ அறையெடுத்துத் தங்கிவிட்டவர் தாய்வீட்டுக் கணக்கிலிருந்தே விலகிவிடுகிறார். ஆட்கள் வெளியேற வெளியேற ஊரின் வேலையின்மை விகிதம் இறங்கும். ஊரில் ஒரு வேலைகூடக் கூடியிருக்க வேண்டியதில்லை. 2020 ஊரடங்கில் எல்லைச் சோதனைச் சாவடிகள் அடைக்கப்பட்டு இ-பாஸ் கட்டாயமானபோதுதான், ஒரு மாவட்டத்தின் சோறு இன்னொரு மாநிலத்தில் வெந்துகொண்டிருந்தது பலருக்குத் தெரிந்தது.

படித்த தமிழ் இளைஞருக்கு ஊரிலேயே கிடைக்கக்கூடிய கௌரவமான வேலை என்றால் பெரும்பாலும் அரசு வேலைதான். கேரளத்தில் அதற்கு வாசல் பி.எஸ்.சி. எனப்படும் மாநில அரசுப் பணியாளர் தேர்வாணையம். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையைத் தருகிறது. அதற்கேற்ப இரு மொழியும் அறிந்த கிளார்க் பணியிடங்களும், தமிழ் வழி ஆசிரியர் பணியிடங்களும் தனியாக அறிவிக்கப்படுகின்றன. சட்டத்தின் நோக்கம் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் இப்பணியிடங்கள் சொற்பம், அறிவிப்புகளுக்கிடையே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன, ரேங்க் லிஸ்ட்டுக்கோ அதிகபட்சம் மூன்றாண்டு ஆயுள். பொதுப் போட்டியில் இறங்கினால், மலையாள வழியில் படித்தவரோடு மோத வேண்டும்.

சாதிச் சான்றிதழ் இதற்கும் மேல். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதியிட்டது. அதற்கு முன்பே குடும்பம் இம்மாநில நிலப்பரப்பில் வாழ்ந்தது என்று ஆவணம் காட்ட முடியாத தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் மறுக்கப்படுவது இடுக்கியில் நெடுநாள் குறை. லயத்தில் பிறந்து லயத்தில் செத்த பாட்டனுக்குப் பட்டா எங்கிருந்து வரும்? தேவிகுளம் தனித்தொகுதியிலிருந்து தேர்வான ஏ.ராஜாவின் வெற்றியைக் கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாது என்றது. அவர் கேரளத்துப் பட்டியல் சாதியினர் அல்லர் என்பதும், மதம் மாறியவர் என்பதும் வழக்கின் வாதங்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்து அவர் பதவியைக் காத்தது. சட்டமன்ற உறுப்பினருக்கே உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்த ஒரு கேள்வியை, எல்.டி. கிளார்க் எனப்படும் கீழ்நிலை எழுத்தர் தேர்வு எழுதும் பெண் கிராம அலுவலகத்தில் எதிர்கொள்கிறாள். மலையிறங்கித் தமிழ்நாட்டுத் தேர்வாணையத்துக்குப் போனால், அங்கே இடஒதுக்கீடு அம்மாநிலத்தவருக்கு மட்டுமே. வெளிமாநில முகவரியோடு வருகிறவர் பொதுப்பிரிவு. இரண்டு மாநிலத்திலும் பொதுப்பிரிவாகிப்போன பட்டியல் சாதிப் பட்டதாரியைக் குறிக்கத் தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒரு குறியீடும் கிடையாது. அக்கணக்கெடுப்பு சமூகப் பிரிவைக் கேட்கிறது, மதத்தைக் கேட்கிறது, தாய்மொழியைக் கேட்பதில்லை.

அரசிடம் இன்னொரு எண்ணும் உண்டு. கேரள வேலைவாய்ப்பகங்களில் பதிந்து காத்திருப்போர் அண்மை ஆண்டுகளில் 25 லட்சத்துக்கும் மேல். கேரளத் தொழிலாளர் படையில் 7.2 சதவீதம் என்பது தோராயமாக 11 லட்சம்தான் வரும். இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். பதிவேட்டில் இருப்பவர் பலர் ஏற்கெனவே எங்கோ வேலை பார்ப்பவர்கள், சீனியாரிட்டி போய்விடக் கூடாதென்று மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பவர்கள். அதனால் அது மிகைப்பட்ட கணக்கு என்று பொருளியலாளர்கள் தள்ளிவிடுவார்கள். நான் அப்படித் தள்ளமாட்டேன். வேலையில் இருந்துகொண்டே பதிவைப் புதுப்பிக்கிறவர் தன் தற்போதைய வேலையைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொல்கிறார். வேலைவாய்ப்பகம் தரும் தற்காலிக நியமனம் 179 நாள். கேரளம் நெடுங்காலமாகக் கொடுத்துவந்த வேலையில்லாதோர் உதவித்தொகை மாதம் 120 ரூபாய். 120 ரூபாயைக் கொண்டு எவரும் காத்திருக்க முடியாது.

இந்தச் சிக்கலை நம் அறிஞர்கள் அறியாதவர்கள் அல்லர். 1970இல் அறிக்கை அளித்த தந்த்வாலா குழு, இந்தியாவைப் போன்ற நாட்டில் வேலையின்மையை ஒற்றை எண்ணில் அடக்க முடியாது, பல முகங்களையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்று சொன்னது. 1972-73 முதல் இன்றுவரை நடக்கும் கணக்கெடுப்பு முறைக்கு அதுவே அடித்தளம். 1975இல் அமர்த்திய சென், வேலைக்கு மூன்று முகங்கள் உண்டு என்றார். ஒன்று வருமானம், இன்னொன்று உற்பத்தி, மூன்றாவது, பயனுள்ள ஒரு காரியத்தில் ஈடுபட்டிருக்கிறோம் என்ற அங்கீகாரம். கொழுந்து பறிக்கும் பட்டதாரிக்கு முதல் இரண்டும் ஓரளவு உண்டு. மூன்றாவது இல்லை. இலங்கையில் 1971 ஏப்ரலில் படித்த கிராமத்து இளைஞர்கள் ஆயுதம் ஏந்திய அதே ஆண்டில், டட்லி சீர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் குழு, படிப்பு வளர்த்த எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைக்கும் உள்ள இடைவெளியையே சிக்கலின் மையமாக வைத்து அறிக்கை எழுதியது. ஒற்றை எண் போதாது என்பது ஐம்பதாண்டுக்கு முன்பே தெரிந்த செய்தி. ஆனாலும் நாம் ஒவ்வோராண்டும் ஒற்றை எண்ணுக்காகவே காத்திருக்கிறோம்.

படித்தவர்கள் கைவேலைக்கு வர மறுக்கிறார்கள், அதனால்தான் கேரளத்தில் வேலையின்மை என்ற வாதம் உண்டு. வெளிமாநிலத்தார் வந்து 800 ரூபாய் சம்பாதிக்கும்போது உள்ளூர்ப் பட்டதாரி ஏன் சும்மா இருக்கிறார் என்று கேட்பார்கள். மத்திய கேரளத்துக் குடும்பங்களைப் பற்றி அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். எல்லைத் தமிழரிடம் அது பொருந்தாது. இங்கே பட்டதாரிகள் கைவேலைக்கு வந்துதான் இருக்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு. அவரைப் படிக்கவைக்கச் செலவான பணத்தையும் ஆண்டுகளையும் இந்தச் சமூகம் எங்கே வரவு வைக்கப்போகிறது?

நாடளவில் வேலையின்மை 2017-18இல் 6.1 சதவீதமாக இருந்தது, 2023-24இல் 3.2 ஆக இறங்கியது. அதே காலத்தில் சுயதொழில் செய்வோரின் பங்கு 52.2இலிருந்து 58.4 சதவீதமாக ஏறியது. மாதச் சம்பளக்காரர் பங்கு 22.8இலிருந்து 21.7 ஆகக் குறைந்தது. கேரளமும் 11.4இலிருந்து 7.2க்கு வந்தது. சம்பள வேலையின் பங்கு கூடாமலேயே நாடளவில் வேலையின்மை ஏறக்குறையப் பாதியாகியிருக்கிறது என்றால், மக்கள் காத்திருப்பதை விட்டுவிட்டார்கள் என்பதே அதற்கு மிக இயல்பான விளக்கம். சித்தூரில் பி.எஸ்.சி. கோச்சிங்கை விட்டுவிட்டு அப்பாவின் தென்னந்தோப்பில் நிற்கும் இளைஞரைப் போன்றவர்களால்தான் அந்த எண் குறைந்திருக்கும்.

செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. 2025 ஜனவரி முதல் தொழிலாளர் கணக்கெடுப்பின் மாதிரி வடிவமைப்பில் மாவட்டம் அடிப்படை அலகாக்கப்பட்டிருக்கிறது. இது நல்ல மாற்றம். ஆனால் இடுக்கி முழுவதற்கும் ஓர் எண் வந்தால் தேவிகுளத்து லயமும் தொடுபுழாவின் வணிகவீதியும் அதில் ஒன்றாகிவிடும். கல்வி நிலையையும் தொழிலையும் குறுக்காக வைத்து, பட்டம் பெற்றவர்களில் எத்தனை பேர் பட்டம் தேவைப்படாத வேலையில் இருக்கிறார்கள் என்பதை வேலையின்மை விகிதத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். தரவு ஏற்கெனவே கையில் இருக்கிறது. வேலையிடம் எந்த மாநிலம் என்ற ஒரு கேள்வியும், தாய்மொழி என்ற ஒரு கேள்வியும் சேர்ந்தால் எல்லை மாவட்டங்களின் முகமே மாறித் தெரியும்.

2024 ஆகஸ்ட்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பாலக்காடு தொழில் நகரத்துக்கு 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய், சுமார் 51,000 வேலைகள் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே அதன் பெரும்பகுதி அமைகிறது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேருந்து தூரம்தான். அந்த 51,000இல் எத்தனை டிப்ளமாவுக்கு, எத்தனை பட்டத்துக்கு, எத்தனை ஒப்பந்தக் கூலிக்கு என்பதை இப்போதே பிரித்துச் சொல்லுமாறு சித்தூர் வட்டத்து ஊராட்சிகள் கேட்க வேண்டும். பி.எஸ்.சி.யும், தமிழ் வழிப் பணியிடங்களுக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், அறிவிப்புக்கும் நியமன ஆணைக்கும் இடையே எத்தனை மாதம் ஆனது, சான்றிதழ் இல்லாததால் எத்தனை பேர் நீக்கப்பட்டார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிடலாம். அந்தத் தரவும் அதன் கோப்புகளிலேயே இருக்கிறது, புதிதாக யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை.